விஎம் டிஸ்க்க பெருசாக்குறதுக்கு முன்னாடி

போன வாரம் வீட்ல கேவிஎம்ல (லினக்ஸ்ல விஎம் ஓட்டுற வசதி) ஓடுற உபுண்டு விஎம்ல, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்ல, திடீர்னு எதுவுமே சேவ் ஆகல, டிஸ்க்ல எவ்ளோ இடம் இருக்குன்னு காட்டுற டிஎஃப் கமாண்ட அடிச்சு பாத்தா ரூட்ல (மெயின் பார்ட்டிஷன்) 100% னு நிக்குது. 20 ஜிபி டிஸ்க், டாக்கர் இமேஜே (ஆப்ப பேக் பண்ணி வைக்கிற ஃபைலுங்க) பாதிய தின்னுருக்கு. சரி 40 ஆக்கிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல விஎம்ம முழுசா ஷட்டவுன் பண்ணுங்க, ஓடிட்டு இருக்கும்போது டிஸ்க் சைஸ மாத்துற க்யூஎமு இமேஜ் ரீசைஸ் கமாண்ட அடிச்சா டிஸ்க்கே கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு. அப்புறம் விஎம்மோட டிஸ்க்கா இருக்குற அந்த க்யூகவ்2 ஃபைல வேற டிரைவ்ல ஒரு காப்பி எடுங்க. ஸ்னாப்ஷாட் (விஎம்மோட ஒரு நேரத்து நிலைமைய சேமிச்சு வைக்கிறது) இருக்குல்லன்னு நினைக்காதீங்க, அது அதே ஃபைலுக்குள்ளயே இருக்கும், இல்லன்னா அந்த ஃபைலயே நம்பி இருக்கும், அதனால பேக்கப் கணக்குல வராது. ரெண்டு வருஷம் முன்னாடி காப்பி எடுக்காம ஒரு விஎம்ம நான் மொத்தமா இழந்துருக்கேன், அதுல அப்பாவோட பழைய ஸ்கேன் போட்டோ எல்லாம் இருந்துச்சு, இன்னும் மனசு ஆறல.

அந்த ரீசைஸ் கமாண்ட்ல +20ஜி குடுத்து பெருசாக்கிட்டு பூட் பண்ணா உள்ள அதே 20 தான் காட்டும், பயப்படாதீங்க. டிஸ்க் வளந்துருச்சு, அதுக்குள்ள இருக்குற பார்ட்டிஷனும், அதுல ஃபைல அடுக்கி வைக்கிற ஃபைல்சிஸ்டமும் இன்னும் வளரல, அவ்ளோதான். பார்ட்டிஷன பெருசாக்குற குரோபார்ட் கமாண்ட அடிக்கும்போது விடிஏ-வுக்கும் (விஎம் உள்ள டிஸ்க்கோட பேரு) பார்ட்டிஷன் நம்பருக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ் விடணும், எனக்கு அதுலயே பத்து நிமிஷம் போச்சு. அடுத்து ஃபைல்சிஸ்டத்த பெருசாக்கணும், அது எக்ஸ்ட்4 வகைனா ரீசைஸ்2எஃப்எஸ் கமாண்ட், எக்ஸ்எஃப்எஸ் வகைனா எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ். எல்விஎம் (பார்ட்டிஷனுக்கும் ஃபைல்சிஸ்டத்துக்கும் நடுவுல இடத்த பிரிச்சு குடுக்குற லேயர்) இருந்தா நடுவுல பிவிரீசைஸ், எல்விஎக்ஸ்டெண்ட் கமாண்ட் ரெண்டும் வரும்.

சின்னதாக்குறது வேற கதை. அங்க வரிசையே தலைகீழ், ஃபைல்சிஸ்டத்த முதல்ல சுருக்கணும், டிஸ்க்க கடைசில. வரிசை மாறுனா டேட்டா வெட்டுப்பட்டுரும். நானா இருந்தா புதுசா சின்ன டிஸ்க் ஒன்னு போட்டு அதுக்கு காப்பி பண்ணிடுவேன்.