எந்த ஊசி வேண்டாம்னு சொன்னார்?

போன வாரம் எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிடி ஊசி (டெட்டனஸ், தொண்டை அடைப்பான் தடுப்பூசி) போட்டார்கள். ஒரு பையன் மட்டும் வரிசையில் இல்லை. அவனுக்கு நெஃப்ரோடிக், சிறுநீரில் புரதம் போகும் நோய். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் பன் மாதிரி உப்பியிருக்கும். வாசலில் நின்ற அவன் அம்மாவிடம் கேட்டேன்.

“டாக்டர் ஊசியே வேண்டாம்னுட்டார் டீச்சர்.”

“எந்த ஊசி வேண்டாம்னு சொன்னார்?”

அவர் முழித்தார். ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் முழித்தேன்.

என் மகளுக்கு ஐந்து வயதில் வலது முழங்கால் வீங்கியது. காலையில் எழுந்ததும் நொண்டுவாள், பத்து மணிக்கு மேல் ஓடியாடுவாள். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்றுதான் நினைத்தோம். ஒரு ஆசிரியைக்கு வேறெப்படித் தோன்றும்? ஆறு வாரம் தாண்டியும் வீக்கம் வடியாத பிறகுதான் ஜே.ஐ.ஏ. என்றார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்த மூட்டையே தாக்குகிற வாதம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த எதிர்ப்பு சக்தியை அடக்கும் மீத்தோட்ரெக்ஸேட், மறுநாள் அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட். மீத்தோட்ரெக்ஸேட் மாத்திரை மஞ்சள் நிறம். நாளாக ஆக அவளுக்கு எலுமிச்சை சாதத்தைப் பார்த்தாலே குமட்ட ஆரம்பித்தது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ருபெல்லா ஊசி முகாம் வந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும். வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்த நேரம் அது. பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், பின்னாளில் குழந்தை பிறக்காது என்றெல்லாம். பெற்றோர் பயந்து போனதால் முகாமையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. வீடு வீடாகப் போய்ப் பேசிப் படிவத்தில் கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் என் மகளின் படிவம் மட்டும் கைப்பையிலேயே கிடந்தது. “டீச்சர் மகளுக்கே போடலையாம்ல” என்ற பேச்சு இரண்டே நாளில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. யாரிடம் போய் என்ன விளக்க?

குழந்தை டாக்டர் சொன்னது ஒரே வரி: “எதுக்கு ரிஸ்க்கு? இப்போதைக்கு எந்த ஊசியும் வேண்டாம்.” மூட்டு டாக்டர், “ஊசி விஷயம் குழந்தை டாக்டரைத்தான் கேட்கணும்” என்றார். இருவரிடமும் இரண்டிரண்டு தடவை போய் வந்தேன். ஐந்து வயதில் போட வேண்டிய டிபிடி பூஸ்டரும் (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் ஊசியின் அடுத்த தவணை) அந்த ‘எந்த ஊசியும்’ என்ற சொல்லுக்குள் சிக்கி நின்றுவிட்டது.

தட்டம்மை ஊசிக்கு குழந்தை டாக்டர் தயங்கியதில் நியாயம் உண்டு என்பதை அப்புறம்தான் புரிந்துகொண்டேன். விளக்கியவர் மதுரையில் நாங்கள் போய்ப் பார்த்த இன்னொரு டாக்டர். அந்த மே மாதம், ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசிகள்: தட்டம்மை, ருபெல்லா, சின்னம்மை, காசநோய்க்கான பி.சி.ஜி. வலப்பக்கம் உயிருள்ள கிருமி இல்லாதவை: டிபிடி, டிடி, ஹெபடைடிஸ் பி, நிமோனியா ஊசி, ஃப்ளூ ஊசி. “வலது பக்கத்தை இன்னைக்கே போட்டாலும் நோய் வராதும்மா. மருந்து சாப்பிடுறதால கொஞ்சம் குறைவா வேலை செய்யலாம், அவ்வளவுதான். இவளுக்கு மத்த பிள்ளைகளை விட இது அதிகமா தேவை.”

எதிர்ப்பு சக்தியை மருந்து அடக்கியிருக்கும்போது உயிருள்ள கிருமி நோயையே தரலாம் என்பதால், இடது பக்கத்துக்குத்தான் கணக்கு. ஸ்டீராய்டு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், அல்லது மொத்தம் 20 மில்லிகிராம், அல்லது அதற்கு மேல் என்று 14 நாளோ கூடுதலாகவோ சாப்பிட்டிருந்தால், நிறுத்தி ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். குறைந்த அளவு மீத்தோட்ரெக்ஸேட் மட்டும் என்றால் பூஸ்டரை யோசிக்கலாம் என்று ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்கள் 2011-லேயே பரிந்துரைத்திருக்கிறார்களாம்.

“ஊசி போட்டா மூட்டு மறுபடி வீங்காதா டாக்டர்?”

நெதர்லாந்தில் இதே நோயுள்ள 137 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) பூஸ்டர் போட்டுப் பார்த்ததைச் சொன்னார். 2013-ல் வந்த ஆய்வு. போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மூட்டு நோயில் வித்தியாசமில்லை. “வீட்ல தம்பி இருக்கானா? அவனுக்கு முதல்ல சின்னம்மை ஊசி போடுங்க. அவன் கொண்டு வராம இருந்தா இவளுக்குப் பாதிப் பாதுகாப்பு.” அதுவரை தம்பியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

டாக்டர்களைத் திட்ட மனம் வரவில்லை. ஊசி போட்ட மறுநாள் கால் வீங்கினால் நாமே அவர் வீட்டு வாசலில் போய் நிற்போம். போடாத ஊசியால் இரண்டு வருடம் கழித்து நோய் வந்தால் யாரும் அவரைத் தேடிப் போவதில்லை. ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு அவர் பக்கம் செலவே இல்லை. என் வருத்தம் அவர்கள் தயங்கியதில் இல்லை, வலது பக்கத்துக்கும் சேர்த்துத் தயங்கியதில்தான்.

டிபிடி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் நர்சம்மாவும் தயங்கினார். மதுரை டாக்டரின் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டார். நிமோனியா ஊசியும் ஃப்ளூ ஊசியும் வெளியில் போட்டதில் அந்த மாதம் கையைக் கடித்தது. அடுத்த வருடம், நோய் அடங்கி இருந்தபோது, எம்.எம்.ஆர். போட்டோம். பத்து நாள் தினமும் காலையில் அவள் எழும் முன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன். மருந்துச் சீட்டில் இருந்த எண்ணுக்கு அவன் அம்மாவையே பேச வைத்து, போனை நான் வாங்கினேன். “டிடியா? அதைத் தாராளமா போடலாமே. போன மாசம் சின்னம்மை ஊசி கேட்டாங்க, அது இப்ப வேண்டாம்னேன்” என்றார் டாக்டர்.

நான் போனை வைத்தபோது நர்சம்மா ஐஸ் பெட்டியோடு கிளம்பிப் போயிருந்தார். புதன்கிழமை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அந்த அம்மா என் பேனாவை வாங்கி, மாத்திரை அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்: ‘டிடி, புதன்.’