ஏற்காடு ஏரியில் தலைமைப் பயிற்சி

சேலத்துப் பிள்ளைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய் தலைமைப் பயிற்சி கொடுப்பவர்கள் கவனத்துக்கு. அறைக்குள் சார்ட் ஒட்டுவதைவிடத் துடுப்புப் படகு நன்றாகவே சொல்லித்தரும்.

படகுக்கு மூன்று பேர்: நடுவில் துடுப்பு போடுபவர், பின்னால் வழி சொல்பவர், முன்னால் மற்ற படகுகளைக் கவனிப்பவர். துடுப்பு போடுபவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருவார். அவருடைய வலக்கைத் துடுப்பை மட்டும் இழுத்தால் படகு அவருக்கு இடப்பக்கம் திரும்பும். எதிரே இருப்பவருக்கோ அதுதான் வலது! அதனால் "இடது, வலது" என்று கத்தினால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும். "போட் ஹவுஸ் பக்கம்", "பூங்கா பக்கம்" என்று சொல்ல வைத்துப் பாருங்கள், பாதிச் சண்டை குறையும்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் உத்தரவு போடக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பொறுப்பு மாறட்டும். ஆனால் கரையில் படகைக் கட்டிய பிறகுதான். நடு ஏரியில் எழுந்து இடம் மாறினால் படகு கவிழும்.

லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையை மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை வந்தால் அது லூஸ், வாரை இறுக்குங்கள். செல்ஃபிக்காகக் கழற்றுபவரை அப்போதே இறக்கிவிடலாம், தயவு வேண்டாம்.

எதிர்க்கரை தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கினால், விசில் அடித்து எல்லாரையும் கரைக்குக் கூப்பிடுங்கள்.