நாலு மாதக் குழந்தைக்கு இரண்டு முறை ஸ்வாப் எடுத்த கதை

மூக்கு ஒழுகி மூன்று நாள் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி பாப்பா பால் குடிக்க வாய் வைக்கிறாள், நாலு மிடறுதான், மூச்சு வாங்க முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இந்த வயதில் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள், அது அடைத்தால் பாலும் இறங்காது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

டாக்டர் ஆர்எஸ்வி-யாக (குழந்தைகளின் மூச்சுப் பாதையைத் தாக்கும் ஒரு வைரஸ்) இருக்கலாம் என்று டெஸ்ட் எழுதினார். முதல் ஸ்வாப், அதாவது மூக்கில் குச்சி விட்டு சாம்பிள் எடுப்பது, சொதப்பல். எடுத்தவர் மூக்கு வாசலிலேயே லேசாகத் தடவிவிட்டுப் போய்விட்டார், சில நிமிடங்களில் முடிவு சொல்லும் ராபிட் டெஸ்டில் நெகட்டிவ். எனக்கோ, நல்லவேளை குச்சியை ஆழமாக விடவில்லை என்று நிம்மதி (முட்டாள்தனமான நிம்மதி). டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுப்பதைக் காட்டி, ராபிட் நெகட்டிவை வைத்து வைரஸ் இல்லை என்று சொல்ல முடியாது, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட் பார்க்கலாம் என்றார்.

இரண்டாம் முறை வந்த நர்ஸ் முதலில் கேட்டதே, "கடைசியா எப்போ பால் கொடுத்தீங்க?" வயிறு நிறைந்திருந்தால் அழுது குமட்டி வாந்தி எடுத்துவிடுவாளாம். அப்புறம் பாப்பாவின் முதுகை என் மார்போடு சாய்க்கச் சொல்லி, என் ஒரு கையால் அவளுடைய இரண்டு கைகளையும், இன்னொரு கையால் நெற்றியையும் பிடிக்க வைத்தார். தலை அசைந்தால்தான் ஆபத்து, அதனால் இரக்கப்பட்டுத் தளர்த்தாதீர்கள் என்றார். குச்சி கம்பி மாதிரி மெல்லிசு, நுனியில் பஞ்சு கிடையாது, பிரஷ் போலப் பொடி நைலான் இழைகள். மூக்கில் விடுவது என்றால் மேல்நோக்கி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் மூக்கின் அடித்தளத்தை ஒட்டி, நேராகப் பின்பக்கம், காது இருக்கும் திசையில் கொண்டுபோனார். தடை தட்டியதும் நிறுத்தி, சில நொடி அப்படியே வைத்து, மெதுவாகச் சுழற்றி வெளியே எடுத்து, திரவம் இருந்த குழாயில் போட்டுக் குச்சியை ஒடித்து மூடினார். பத்து நொடிதான் இருக்கும். பாப்பா வீறிட்டாள், எனக்கும் கண் கலங்கிவிட்டது.

உப்புத்தண்ணீர் விட்டு உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டாமே என்று கேட்டேன். அதிலும் நல்ல சாம்பிள் கிடைக்கும், ஆனால் உறிஞ்ச மெஷின் வேண்டும், குழந்தைக்கும் தொல்லை அதிகம் என்றார்.

ஆர்எஸ்வி பாசிட்டிவ். ஆன்டிபயாடிக் எழுதவில்லை, வைரஸுக்கு அது வேலை செய்யாது. மூக்குக்கு சலைன் சொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால், ஆக்சிஜன் அளவைக் கவனிப்பது, அவ்வளவுதான்.

தேறியதும், கிருமி போய்விட்டதா என்று இன்னொரு ஸ்வாப் எடுக்கலாமா என்று நானே கேட்டேன். டாக்டர் சிரித்தார். நோய் போனபிறகும் பிசிஆர் சில வாரம் பாசிட்டிவ் காட்டலாம், குச்சியை விட்டுவிட்டுப் பால் எப்படிக் குடிக்கிறாள் என்று பாருங்கள் என்றார். மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பாலுக்கு நடுவே முகத்தைத் திருப்பவில்லை.