லட்சக்கணக்கில் ஃபைல் அழிக்கும்போது கணினி உறைவது: வேலைக் குறிப்புகள்

ஜூன் 3, 2024, திங்கள்

லினக்ஸ் கணினி, ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை). கேச் ஃபோல்டரில் 20 லட்சத்துக்கும் மேல் குட்டி ஃபைல்கள். அழிக்கும் கட்டளையான ஆர்எம் (rm) ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் மவுஸ் நகர்கிறது, ஆனால் எந்த விண்டோவும் திறக்கவில்லை. ஓடும் நிரல்களைக் காட்டும் டாப்பில் (top) பார்த்தால் சிபியு சும்மா கிடக்கிறது. டிஸ்க்குக்காகக் காத்திருப்பதைக் காட்டும் 'டபிள்யூஏ' மட்டும் ஏறி நிற்கிறது. ப்ரவுசர் 'டி' நிலையில், அதாவது டிஸ்க்கின் பதிலுக்காக முடங்கிக் காத்திருக்கும் நிலையில் இருக்கிறது. அந்த நிலையில், நிரலைக் கட்டாயமாக நிறுத்தும் கில் 9 அனுப்பினாலும் உடனே சாகாது.

அளவு இங்கே பிரச்சினையே இல்லை, எண்ணிக்கைதான். 10 ஜிபி ஃபைல் ஒன்று சட்டென்று போய்விடும். 4 கேபி ஃபைல் பத்து லட்சம் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஃபோல்டர் பட்டியல், ஐநோடு (ஃபைலின் விவரப் பதிவு), காலி இடக் கணக்கு மூன்றும் மாறி ஜர்னலிலும் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) ஏற வேண்டும். ஜர்னல் நிரம்பினால் அதைக் காலி செய்யும்வரை எஃப்சிங்க் (எழுதியதை உடனே டிஸ்க்கில் பதியச் சொல்வது) கேட்ட எல்லா நிரல்களும் வரிசையில் நிற்கும். ப்ரவுசர் தன் ஹிஸ்டரியை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதுகிறது; அது எஃப்சிங்க் கேட்கும். அதனால்தான் அது முதலில் மாட்டுகிறது.

ஜூன் 4

டிஸ்க்கை இணைக்கும்போது கொடுக்கும் மவுண்ட் தேர்வுகளில் 'டிஸ்கார்ட்' இருந்தது. இது இருந்தால் அழித்த இடத்துக்கெல்லாம் உடனுக்குடன் ட்ரிம் (இந்த இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) போகும். பழைய சாட்டா எஸ்எஸ்டிகளில் ட்ரிம் மற்ற கட்டளைகளோடு வரிசையில் சேராது. வரிசை முழுக்கக் காலியான பிறகே ஓடும். மவுண்ட் தேர்வுகள் எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலிலிருந்து 'டிஸ்கார்ட்'டை எடுத்துவிட்டு, ட்ரிம்மை மொத்தமாக வாரம் ஒருமுறை அனுப்பும் எஃப்எஸ்ட்ரிம் டைமரை இயக்கியாயிற்று. பாதி உறைவு இதிலேயே போனது.

ஜூன் 6

அழிக்கும் முறை. முதலில் ஃபோல்டரின் பெயரை மாற்றி, அதே உரிமையாளர், அதே அனுமதிகளோடு பழைய பெயரில் புது ஃபோல்டர். ஒரே பார்ட்டிஷனுக்குள் பெயர் மாற்ற நேரமே ஆகாது. நிரல் புதியதில் எழுதிக்கொண்டிருக்கும், பழையதை நிதானமாக அழிக்கலாம்.

நட்சத்திரக் குறி போட்டு ஆர்எம் கொடுத்தால் 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று திரும்பிவிடும். அதனால் ஃபைல்களைத் தேடிப் பட்டியலிடும் ஃபைண்ட் கட்டளை கொடுக்கும் பெயர்களில் 5000 எடுத்து அழித்து, ஒரு நொடி ஸ்லீப், மறுபடி 5000. பெயர்களைப் பூஜ்ய எழுத்தால் (null) பிரித்தே எக்ஸ்ஆர்க்ஸுக்கு (பெயர்களை வாங்கி ஆர்எம்முக்குக் கொடுக்கும் கட்டளை) அனுப்பவும். இல்லாவிட்டால் இடைவெளி உள்ள பெயர் இரண்டாக உடைந்து வேறெதையோ அழிக்கும். முதல் 5000-ஐ மட்டும் எடுக்க நடுவில் ஹெட் கட்டளை இருந்தால், பூஜ்ய எழுத்தே பிரிப்பான் என்று அதற்கும் சொல்ல வேண்டும்.

பலரும் ஐஓநைஸ் (நிரலின் டிஸ்க் முன்னுரிமையைக் குறைக்கும் கட்டளை) போடச் சொல்வார்கள். டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் 'நன்' (none, எதுவுமில்லை) என்றிருந்தால் அதனால் பயனில்லை. முன்னுரிமையை மதிக்கும் பிஎஃப்க்யூ ஷெட்யூலர் இருந்தாலும் ஜர்னலை எழுதுவது கர்னலின் ஜேபிடி2 திரெட். ஆர்எம்முக்குக் கொடுத்த முன்னுரிமை அதைக் கட்டுப்படுத்தாது. ஸ்லீப்பே மேல்.

ஜூன் 7

விண்டோஸ் கணினி ஒன்று. எக்ஸ்ப்ளோரர் முதலில் எண்ணிப் பார்க்கவே நேரம் தின்கிறது. ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் கூடவே ஒரு தகவல் ஃபைல் உருவாகும். அழிக்கப்போய் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் டெல் கட்டளைக்கு எஃப் (கட்டாயம்), எஸ் (உள் ஃபோல்டர்களும்), க்யூ (கேள்வி கேட்காமல்) கொடுத்து, வெளியீட்டைத் திரையில் காட்டாமல் விழுங்கும் 'நல்'லுக்குத் (nul) திருப்பி, பிறகு ஃபோல்டரை நீக்கும் ஆர்எம்டிர்.

ஜூன் 9

மறுபடி லினக்ஸ். காலியான பழைய ஃபோல்டரிலும், உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை தாமதம். ஈஎக்ஸ்டி4-இல் ஒருமுறை பெருத்த ஃபோல்டர் சுருங்காது; எல்எஸ் எல்டி கொடுத்தால் ஃபோல்டரே பல எம்பி காட்டும். ஆர்எம்டிர் செய்தால் தீர்ந்தது. காலி இடம் காட்டும் டிஎஃப்பில் இடம் திரும்பவில்லையென்றால், அழித்த ஃபைலை ஏதோ நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கலாம். திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்கு ப்ளஸ் எல்1 (lsof +L1) கொடுத்தால் காட்டிக்கொடுக்கும். அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.