மதிய மாத்திரை

ஜூன் 3
அப்பாவின் மதிய மாத்திரை இன்றிலிருந்து பாதி. பாக்குவெட்டியில் வைத்து நறுக்கினேன், ஒரு பாதி பொடியாகப் போய்விட்டது. பார்கின்சன் நடுக்கத்துக்காக அவர் போடும் இந்தப் பிராமிபெக்சோலைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டுமாம். அதே நோய்க்கான இன்னொரு மருந்து, லெவோடோபா, அப்படியே தொடரும்.
அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு.

ஜூன் 4
அப்பா போனில் ரம்மி ஆடித் தொலைத்த பணத்துக்காகத் தம்பி போனில் கத்தினான். "தெரியாமலா ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. போட்டாரு?"

ஜூன் 7
ராத்திரி முழுக்கப் படித்தேன். 2010இல் வந்த ஆய்வு, 3,090 பார்கின்சன் நோயாளிகள். மூளையில் சுரக்கும் டோபமைன் மாதிரியே வேலை செய்யும் இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், கண்டதையும் வாங்குவது, அடங்காத தீனி என்று ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது. எடுக்காதவர்களில் 6.9. படித்ததும் மூச்சு வந்தது. மருந்துதான். அப்பா இல்லை. விடியட்டும், அம்மாவிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 8
சொல்லவில்லை. அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒன்றும் ஆகாமல் இருந்த, நூற்றில் மீதி 83 பேர்?

ஜூன் 12
திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல உரசிக்கொண்டே இருந்தன. காபி டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். நடுக்கம் நின்றது. குடித்துவிட்டு வைத்தார், கை மடிக்குத் திரும்பியது, மறுபடி ஆரம்பித்தது.
அவராக ஒன்றைச் செய்யும்போது நடுக்கம் இல்லை. சும்மா இருந்தால்தான் கை தன் பாட்டுக்கு ஓடுகிறது. அப்படியானால் சீட்டைத் தொட்ட விரல்? அப்போது அது நடுங்கியிருக்காது.

ஜூன் 13
மூளை ஆய்வாளர் லிபெட் 1983இல் செய்து பார்த்தது. ஒரு புள்ளி கடிகாரம் போலச் சுற்றும். எதிரே இருப்பவர் தனக்குத் தோன்றும்போது மணிக்கட்டை அசைக்கலாம். அசைக்கத் தோன்றிய கணம் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். அசைவுக்குச் சுமார் 0.2 நொடி முன்புதான் தோன்றியிருக்கிறது. மூளையோ அரை நொடிக்கும் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது.
இதை வைத்து மனிதனுக்குச் சொந்த விருப்பமே கிடையாது என்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். லிபெட்டே அப்படிச் சொல்லவில்லை. கிளம்பிவிட்டதை வேண்டாம் என்று நிறுத்தக் கொஞ்சம் நேரம் மிச்சம் இருக்கிறது என்றார். அப்பா என்றாலே எனக்கு அந்த வேண்டாம்தான். தவணையில் வேண்டாம், கைமாற்று வேண்டாம், ஒரு ரூபாய் பந்தயம்கூட வேண்டாம். மாத்திரை அரித்துத் தின்றது அதைத்தானோ.

ஜூன் 17
வியர்த்துக் கொட்டுகிறது அவருக்கு. மூன்று முறை போன் எங்கே என்று கேட்டார். மருந்து குறைவதால் வரும் பதற்றமாம்.

ஜூன் 20
பாட்டு நின்றுவிட்டது. இன்றைக்குத்தான் கவனித்தேன்.
போன வருடம் இந்த மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் பாட ஆரம்பித்தார். அம்மாவைக் கைபிடித்துச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார், கல்யாணமாகி முதல் தடவை. பழைய அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னது நான்தான். ரம்மி மாத்திரையின் வேலை என்றால் அந்தப் பாட்டும் அதன் வேலைதானே. நல்லதை அப்பா பேரிலும் கெட்டதை மருந்தின் பேரிலும் எப்படி எழுதுவது?

ஜூன் 24
அலமாரியில் கணக்கு நோட்டுகள். 2015இல் எழுத்து பாசிப்பயறு அளவு. போன வருட நோட்டில் கடுகு. நோய் கையெழுத்தையும் சுருக்கிவிடுகிறது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். பால் 44. மருந்து 640. ர 2000. மறுநாள் ர 500. ரவை என்று நினைத்தேன். பக்கத்துக்குப் பக்கம் ர. மாதக் கடைசியில் கூட்டல்கூடப் போட்டிருக்கிறார். மொத்தம் 4,12,500. வங்கிக் கணக்கில் நாங்கள் கண்டுபிடித்ததைவிட 3,000 அதிகம்.
ஒன்றையும் விடவில்லை.

ஜூன் 25
இன்று சொல்லிவிட்டேன். "அது நீங்க இல்லப்பா. மாத்திரை."
ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆடினது நான்தாம்மா. ஒவ்வொரு ஆட்டமும் ஞாபகம் இருக்கு. நான் இல்லைன்னு நீயும் சொல்லிட்டா, அப்புறம் இங்க உட்காந்திருக்கிறது யாரு?"
ஒருவனின் நினைவு எவ்வளவு தூரம் பின்னால் போகிறதோ அவ்வளவு தூரம் அவன் அதே ஆள் என்று தத்துவவாதி ஜான் லாக் 1694இல் எழுதினார். கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. நேற்றுவரை அது எனக்கு வெறும் வரி.
மன்னிக்க வேண்டுமானால் அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும். மாத்திரையை மன்னிக்க முடியாது.

ஜூலை 1
மதிய மாத்திரை முழுசாக நின்றது. அம்மா இன்று டம்ளரைத் தரையில் வைக்கவில்லை. கையில் கொடுத்தாள்.

ஜூலை 3
துணி எடுக்க மாடிக்குப் போனேன். இறங்கி வந்தால் என் போன் திண்ணையில், அவர் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில். அவர் கை மடியில்தான் இருந்தது, உருட்டிக்கொண்டு. போனை மறந்து வைத்தேனா, வேண்டுமென்றே வைத்தேனா? எனக்கே சொல்லத் தெரியவில்லை.