கானாடுகாத்தான் வீட்டுக் காரும் அதன் பேட்டரியும்

செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் கார்கள் பலவற்றைப் போலவே, கானாடுகாத்தானில் அப்பச்சி வைத்திருக்கும் காரும் முன்னோர் வழிபாடான படைப்புக்கோ திருமணத்துக்கோ குடும்பம் கூடும்போதுதான் வெளியே வரும். ஓடாமல் நிற்கும் காரில் பேட்டரி தன்னளவில் மெல்லச் சார்ஜ் இழப்பதோடு, கடிகாரம், அலாரம் போன்றவையும் இரவும் பகலும் சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே நெடுநாள் கிடந்தால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளின் மேல் சல்பேட் படிந்து இறுகிவிடுகிறது. எங்கள் கோடை வெயில் இதற்குமேல் தகடுகளை அரித்து, நீரையும் வற்றச் செய்கிறது. மழையும் குளிருமே பேட்டரியைக் கெடுப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். குளிரில் வெளிப்படும் பலவீனத்திற்குப் பெரும்பாலும் வெப்பமே விதை போட்டிருக்கும்.

இம்முறை ஊருக்குப் போனபோது சாவியைத் திருப்பியதும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது. டேஷ்போர்டு விளக்குகள் மங்கின. காரைக்குடி வரை ஓட்டித் திரும்பிய பிறகு மறுபடி உடனே கிளம்பிய கார், மறுநாள் காலையில் பழையபடி திணறியது. ஓட்டத்தில் ஏறும் சார்ஜ் ஓர் இரவுகூட நிற்கவில்லை என்பதே எனக்குக் கிடைத்த முதல் தடயம்.

டெர்மினல்களில் பூத்திருந்த வெண்பொடியை, எதிர்முனை (நெகட்டிவ்) ஒயரை முதலில் கழற்றிவிட்டு, ஆப்பசோடா கரைத்த நீரால் துடைத்து இறுக்கினேன். தளர்ந்த இணைப்பும் இதே அறிகுறியைக் காட்டும் என்பதால், பேட்டரியைக் குறை சொல்லுமுன் இதைச் செய்துவிட வேண்டும். பலன் ஏதும் இல்லை. பிறகு சார்ஜரில் முழுமையாக ஏற்றி, இரவு முழுவதும் ஓய்வில் விட்டு, காலையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். நல்ல நிலையில் முழுச் சார்ஜுடன் இருக்கும் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதியளவு. எங்களுடையது அந்தப் பாதியில் நின்றது. அப்பச்சி சாவியைத் திருப்பியபோது மீட்டர் 9.6க்கும் கீழே சரிந்தது. செல்ஃப் சுற்றும்போது அந்த அளவுக்குக் கீழே போவது பொதுவாக நல்ல அறிகுறியன்று.

வீட்டிலிருந்தபடி செய்யத்தக்கது அத்துடன் முடிந்துவிட்டது என்று முடிவெடுத்தேன். திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றிப் பார்ப்பதில் ஆபத்தும் உண்டு, ஏனெனில் சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் ஒரு தீப்பொறியிலேயே வெடிக்கக்கூடியது. பெட்டி உப்பியிருந்தாலும், அமிலம் கசிந்தாலும், அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலும் இத்தனை சோதனைக்கும் இடமில்லை. கையே வைக்காமல் எலெக்ட்ரீஷியனை அழைத்துவிட வேண்டும்.

காரைக்குடியிலிருந்து வந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன், மூடிகளைத் திறந்து, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முழுச் சார்ஜில், நீரோடு ஒப்பிட்ட அந்த அடர்த்தி 1.265 அளவில் இருக்க வேண்டும். ஐந்து செல்கள் அதற்கு அருகில் இருக்க, ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தது. "ஒரு செல் போயிருச்சுண்ணே, இனி எவ்வளவு ஏத்தினாலும் நிக்காது" என்றார். மூடி இல்லாத, பராமரிப்புத் தேவைப்படாத வகையாயிருந்தால் இந்தச் சோதனைக்கு வழியில்லை, பேட்டரிக்குச் சுமை கொடுத்து வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் லோடு டெஸ்ட் போன்றவையே துணை. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி 1953 முதல் இயங்கிவரும் ஊரிலிருந்து வந்தவர், மின்வேதியியலை இப்படிக் கைப்பழக்கமாக வைத்திருந்தது எனக்கு நிறைவளித்தது.

புதியதைப் பொருத்துமுன் அவர் செய்த மேலும் இரண்டு சோதனைகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே தருகிறதா என்றும், கார் பூட்டி நிற்கும்போது மின்கசிவு 50 மில்லிஆம்பியருக்குள் அடங்குகிறதா என்றும் பார்த்தார். இவற்றில் ஒன்று பிழையாக இருந்தால் புதுப் பேட்டரியும் சில மாதங்களில் இதே கதிக்கு வந்துவிடும். இரண்டும் சரியாகவே இருந்தன.

ஈயமும் அமிலமும் கொண்ட பழைய பேட்டரியைக் கடையிலேயே ஒப்படைத்தோம். அதற்குரிய தொகையைப் புதியதன் விலையில் கழித்துக்கொண்டார்கள். ஓடாத நாட்களில் பேட்டரியைக் காப்பதற்கென்று, நிரம்பியதும் தானே அடங்கும் சிறு சார்ஜர் ஒன்றையும் வாங்கி, கார் நிற்கும் இடத்திலேயே பொருத்தியிருக்கிறோம்.