கரையில் எடுக்க வேண்டியதும் விட வேண்டியதும்

கடற்கரையைச் சுத்தம் செய்யப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கடற்பாசியைத்தான். அலை ஒதுக்கிய பாசி ஈரமாக, கொஞ்சம் நாற்றத்தோடு, கரை நெடுகக் கிடக்கும். பார்த்தவுடன் அள்ளிச் சாக்கில் போடத்தான் கை போகும். அதை விட்டுவிடுங்கள் என்பேன். அதற்குள் துள்ளித் திரியும் சின்னஞ்சிறு பூச்சிகளைத் தின்னத்தான் கரைப் பறவைகள் வருகின்றன. காய்ந்த பாசி, காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்து வைக்கிறது. மணல்மேடு உருவாவதற்கே பல இடங்களில் அதுதான் தொடக்கம். நாம் எடுக்க வேண்டியது அதில் சிக்கிக் கிடக்கும் பாட்டில் மூடி, தெர்மாகோல் துண்டு, தூண்டில் நரம்பு இவற்றை மட்டும். குனிந்து குனிந்து கையால் பொறுக்க வேண்டும், முதுகு கழன்றுவிடும். ஆனாலும் இயந்திரத்தை விட்டு மொத்தமாக வாரிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது பாசியையும் பறவையின் இரையையும் சேர்த்தே வாரிவிடும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது சிகரெட் துண்டுகளைப் பார்த்தால்தான். அந்த வடிகட்டியைப் பஞ்சு என்றும், தானே மட்கிவிடும் என்றும் பலர் நம்புகிறார்கள். அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் இழை. 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் லிண்டா மரனிஸ், கேத்தி ஓ'ஹாரா என்ற இரண்டு பெண்கள் ஆட்களைத் திரட்டிச் சுத்தம் செய்தபோது, பொறுக்கியதையெல்லாம் வகை பிரித்து எழுதவும் வைத்தார்கள். செப்டம்பர்தோறும் பல நாடுகளில் நடக்கும் சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாள் அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்தக் கணக்கில் சிகரெட் துண்டுகள் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தன. நாங்களும் எழுதுகிறோம். சாக்கு நிறைந்தது என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்ன பொருள் இத்தனை என்று தாளில் காட்டினால், கேட்கிறவர்கள் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

மணலில் புதைந்த வலையை மட்டும் யாரும் தனியாக இழுக்க வேண்டாம். தெரிகிற வரைக்கும் அறுத்து எடுத்தால் போதும்.

அப்புறம் மரம். கரையில் எங்கும் எதையும் நடலாம் என்ற ஆர்வம்தான் இதில் பெரிய சிக்கல். ஒருமுறை, நாற்று நட இடம் செய்வதற்காக ஒரு பையன் கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் எழுந்தே வந்துவிட்டார். “தம்பி, அதைப் பிடுங்காதீங்க. இங்க மணல் நிக்கிறதே அதாலதான்” என்றார். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்களே, அந்தக் கொடிதான். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைக் கட்டிப்போடும். இராவணன் மீசைப் புல்லும் அப்படித்தான். இவை இருக்கும் முன்மேட்டில் மரம் தேவையே இல்லை. ஆமை முட்டையிடும் கரையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆமைக்கு வேண்டியது திறந்த மணல். அங்கே கரையோரம் வரை நெருக்கமாகச் சவுக்கு நட்டால், காற்றைத் தடுக்கிறோம் என்ற நினைப்பில் அதன் இடத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். மேட்டுக்குப் பின்னால், உட்பக்கமாக, புன்னையும் பூவரசும் வைக்கலாம். இரண்டும் உப்புக் காற்றைத் தாங்கும்.

நட்டு முடித்த இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளை விட்டுவிட்டுப் போவதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். நாற்று வந்த பைதான். காற்றடித்தால் நேரே கடலுக்குப் போகும். மரம் நட்ட கையாலேயே குப்பையும் போட்டதாகிவிடுகிறது. எங்களிடம் இப்போது ஒரு வழக்கம் உண்டு: எத்தனை நாற்று இறக்கினோமோ அத்தனை பையும் எண்ணித் திரும்பி வர வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் யாரும் கிளம்புவதில்லை.

நடுகிற நாளில் பெருங்கூட்டம் வரும், படம் எடுக்கும், நல்லதுதான். நாற்றின் பிழைப்பு முடிவாவது முதல் கோடையில். மழைக்கு முன்பே நட்டு, தூரைச் சுற்றிக் காய்ந்த இலையால் மூடாக்கு போட்டு, ஆடு கடிக்காமல் முள் வைத்தாலும், மணலில் தண்ணீர் நிற்காது. திரும்பத் திரும்ப ஊற்றத்தான் வேண்டும். அந்த மாதங்களில்தான் எங்களுக்கு ஆள் பற்றாக்குறை. ஒரு வேலைக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால், தண்ணீர் ஊற்ற வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் ஒரு செடிக்கு ஒரு குடம், மெதுவாக.